நலமாக இருக்கும் நாட்களுக்கான சிகிச்சை

மனச்சோர்வு நோய் ஒருமுறை வந்து தீர்ந்தால் போனது போனதுதான் என்று இருக்க முடிவதில்லை. முதல் முறை கண்டு குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது மறுபடி வருகிறது. இரண்டு முறை கண்டவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கும், மூன்று முறை கண்டவர்களில் 90 பேருக்கும் திரும்ப வரும் என்று மனநலப் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் ஊர் முழுக்க எடுத்தால் எண் குறையலாம். போக்கு மட்டும் மாறாது. ஒற்றையடிப் பாதையில் நடக்க நடக்கத் தடம் அகலமாவதுபோல, ஒவ்வொரு முறையும் அடுத்த முறைக்கு வழி விட்டுவிட்டுப் போகிறது நோய். சோர்வும் மிகை எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனை நோயிலோ, திரும்பி வருவதே அதன் இயல்பு.

மாத்திரை இதைப் பெருமளவு தடுக்கிறது. ஆனால் நன்றாக இருக்கும்போது மாத்திரை போடுவது யாருக்கும் கடினம். “இப்ப நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு?” என்ற கேள்வி எழாத மனநல ஓபி தமிழ்நாட்டில் இருக்காது. மைண்ட்ஃபுல்னஸ் சார்ந்த அறிவாற்றல் சிகிச்சை, சுருக்கமாக எம்.பி.சி.டி., கைவைப்பது இந்த இடைக்காலத்தில்தான். பலமுறை விழுந்து, இப்போது எழுந்து நடமாடிக்கொண்டிருப்பவருக்காக உருவாக்கப்பட்ட சிகிச்சை அது. தியானம் சர்வரோக நிவாரணி என்று நம்பும் ஊரில் இருந்துகொண்டு எழுதுவதால் இதை முதலிலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். ஏரியும் கழனியுமாக இருந்த ஊரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வந்து, அதைச் சுற்றி மற்ற அலுவலகங்களும் வந்தன. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மனுவோடு வருகிறவர்களில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கேட்டு வருபவர்களும் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயையும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சலுகைகளுக்குப் பாதிப்பு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். எட்டு மாதம் மற்றவர்களைப்போல் வேலைக்குப் போய், நாலு மாதம் படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவருக்கு அந்த விழுக்காட்டை எந்த நாளில் அளப்பது? விட்டுவிட்டு வரும் நோய் நம் நிர்வாகத்தின் கண்ணுக்கும் குடும்பத்தின் கண்ணுக்கும் எளிதில் சிக்குவதில்லை. நலமாக இருக்கும்போது “ஒண்ணுமில்ல” என்கிறோம். வந்துவிட்டால் “மறுபடியும் ஆரம்பிச்சுட்டா” என்கிறோம்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் எடுத்துக்கொண்ட 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வயதுவந்தோரில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோயைக் கண்டிருக்கிறார் என்றது அந்த ஆய்வு. அவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கே வரவில்லை. இருமுனை நோயில் அந்த எண் சுமார் 70. திரும்பி வருவதைத் தடுப்பது பற்றிய பேச்செல்லாம் மீதமுள்ள சிறு பகுதியினரைப் பற்றியதுதான் என்பது நினைவிருக்கட்டும்.

இந்தச் சிகிச்சை பிறந்த விதம் சுவையானது. 1990களின் தொடக்கத்தில் டொரன்டோவின் சிண்டெல் சீகல், வேல்ஸின் பாங்கரில் இருந்த மார்க் வில்லியம்ஸ், கேம்பிரிட்ஜின் ஜான் டீஸ்டேல் ஆகிய மூவரும் வேறொரு வேலையாகச் சேர்ந்தார்கள். ஆரன் பெக் வகுத்த அறிவாற்றல் சிகிச்சையை, குணமானவர்கள் மீண்டும் விழாதபடி தொடர்ந்து தரும் வடிவில் எழுத வேண்டும் என்பது திட்டம். அவர்கள் நேராக அதில் இறங்காமல், திரும்பி வருவது ஏன் என்ற கேள்வியில் நின்றார்கள். அதற்கு டீஸ்டேல் 1980களிலேயே ஒரு விடை வைத்திருந்தார். முன்பு நோய் கண்டவரும் காணாதவரும் சாதாரண நாளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் யோசிக்கிறார்கள். மனம் கொஞ்சம் வாடும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. மற்றவருக்கு அது வெறும் வாட்டம். நோய் கண்டவருக்கோ அந்தச் சிறு வாட்டமே பழைய நோய்க்காலத்து எண்ணங்களை மொத்தமாக எழுப்பிவிடுகிறது.

நாலு முறை நோய் கண்டு, இப்போது நலமாக இருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. விடிகாலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. உடம்பு அசதி, நெஞ்சில் ஒரு பாரம். “திரும்ப வந்துடுச்சோ” என்று முதல் எண்ணம். மகளுக்குப் போன் போடுகிறாள், மகள் எடுக்கவில்லை. “அவளுக்கும் நான் பாரமாத்தான் இருக்கேன்.” வாசல் பெருக்கப் போகாமல் அப்படியே உட்கார்கிறாள். “போன தடவையும் இப்படித்தானே ஆரம்பிச்சுது, நான் என்ன தப்பு பண்ணேன்?” அசதிதான் முதலில் வந்தது, அரை மணி நேரத்தில் அது தீர்ப்பாகிவிட்டது. இதில் வேதனை என்னவென்றால், யோசித்தால் வழி பிறக்கும் என்று நம்பித்தான் அவள் யோசிக்கிறாள். இந்த அசைபோடலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சூசன் நோலன்-ஹோக்செமா, அது சோர்வை நீட்டிக்கவும் ஆழமாக்கவும் செய்கிறது என்று காட்டினார். “யோசிக்காதே” என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நிறுத்து என்று சொல்லி நின்ற யோசனை எதுவும் இல்லை.

இந்த அசைபோடலுக்கு மாற்று வழி தேடி, சீகல் முதலிய மூவரும் மசாசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் ஜான் கபாட்-சின் 1979 முதல் நடத்தி வந்த வகுப்பைப் பார்க்கப் போனார்கள். தீராத வலியோடு இருப்பவர்களுக்குத் தியானமும் எளிய யோகாசனமும் கற்றுத்தந்த மருத்துவமனை வகுப்பு அது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்கே போன விபாசனா மரபும், ஜென்னும், ஹட யோகமும் அதில் கலந்திருந்தன. விஞ்ஞானிகளான மூவருக்கும் தியானம் என்ற பேச்சே கூச்சமாக இருந்தது. தங்கள் முறைக்கு முதலில் ‘கவனக் கட்டுப்பாட்டுப் பயிற்சி’ என்று பெயரிட்டார்கள். வூஸ்டர் ஆசிரியர்கள் அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, நீங்கள் தியானத்தில் உட்காருகிறீர்களா என்பதைத்தான். தாமே செய்யாமல் இதைச் சொல்லித்தர முடியாது என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்குச் சில பயணங்கள் பிடித்தன. தங்கள் தயக்கத்தை 2002ல் வெளிவந்த நூலில் அவர்களே விரிவாக எழுதியிருப்பது எனக்கு அவர்கள் மேல் மதிப்பைக் கூட்டியது.

எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு, இரண்டு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டில் தினமும் சுமார் முக்கால் மணி நேரப் பயிற்சி. முதல் வகுப்பில் ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சை கொடுப்பார்கள். உள்ளங்கையில் வைத்துச் சுருக்கங்களைப் பார்க்க வேண்டும். முகர வேண்டும். உதட்டில் படும்போது எச்சில் ஊறுவதைக் கவனிக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு கடி. இதில் ஆன்மிகம் ஏதும் இல்லை. எத்தனை காரியங்களை நினைவே இல்லாமல் செய்துவிடுகிறோம் என்று காட்டுவதுதான் நோக்கம். நோயின் எண்ணச் சங்கிலியும் அப்படித்தான் நினைவில்லாமல் ஓடுகிறது. அடுத்து, படுத்த நிலையில் கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனம் செலுத்தும் பயிற்சி. அதன்பின் மூச்சு, ஒலி, எண்ணம் என்று கவனம் விரியும். மூன்று நிமிட மூச்சு இடைவேளை என்று ஒன்று உண்டு: இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பது, ஒரு நிமிடம் மூச்சில் நிற்பது, பிறகு கவனத்தை உடம்பு முழுக்க விரிப்பது. நாம் நினைத்துக்கொண்ட அந்தப் பெண் விடிகாலையில் எடுத்தாளத் தக்கது இதுதான். “நான் பாரம்” என்பது மனதில் ஓடும் ஓர் எண்ணம் என்று அவள் கண்டுகொண்டால், அதோடு வாதாட வேண்டியதில்லை. எழுந்து வாசல் பெருக்கப் போகலாம்.

தமிழர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் இருப்பதாக நினைக்கிறேன். நம்மவர்கள் துக்கத்தை உடம்பால் சொல்கிறவர்கள். நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, கை கால் ஓய்ந்து போகிறது என்றுதான் மருத்துவரிடம் ஆரம்பிப்பார்கள். பெங்களூரில் ரகுராம், மிட்செல் வைஸ் முதலியோர் 1996ல் வெளியிட்ட ஆய்வு, உடம்புத் தொல்லையாகச் சொல்வதைவிட மனச்சோர்வு என்று சொல்வதில்தான் நோயாளிகள் அதிக அவமானத்தை உணர்ந்தார்கள் என்று காட்டியது. உடம்பைக் கவனிப்பதிலிருந்து தொடங்கும் ஒரு சிகிச்சைக்கு இவர்களிடம் தனி முன்னுரை தேவைப்படாது.

இனி முடிவுகள். டொரன்டோ, கேம்பிரிட்ஜ், பாங்கர் மூன்றிலுமாக 145 பேரை வைத்து நடந்த முதல் பரிசோதனை 2000ல் வெளிவந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோய் கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 60 வாரங்களில் 66 விழுக்காடு திரும்பியது. வகுப்புக்கு வந்தவர்களுக்கு 37. இரண்டு முறை மட்டும் கண்டவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. 2004ல் ஹெலன் மாவும் டீஸ்டேலும் 75 பேரை வைத்து மறுபடி செய்தபோதும் அதே கதை: மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78லிருந்து 36க்கு இறங்கியது, இரண்டு என்றால் பலன் இல்லை.

ஏன் இப்படி? இரண்டு முறை மட்டும் கண்டவர்கள் பெரும்பாலும் வேறு வகையினர் என்று தெரிந்தது. அவர்களுக்கு நோய் வாழ்க்கையில் பிந்தித் தொடங்கியது. சாவு, பிரிவு போன்ற பெரிய அடிக்குப் பின் வந்தது. பலமுறை கண்டவர்களுக்கு நோய் இளமையிலேயே தொடங்கியிருந்தது. பலருக்குக் குழந்தைப் பருவம் கசப்பானது. அவர்களுக்குத் திரும்பி வரப் பெரிய காரணம் வேண்டியதில்லை, ஒரு வாட்டம் போதும். அந்தத் தானாக ஓடும் சங்கிலியில் கைவைக்கும் சிகிச்சை அவர்களுக்குத்தான் உதவும். புருஷன் இறந்து முதல்முறையாகச் சோர்வில் விழுந்த பெண்ணுக்குத் தேவை ஆறுதலும் துணையும் மருந்தும். அவளை மூச்சைக் கவனி என்று உட்கார வைப்பதை இந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. இந்த நுணுக்கம் நம் ஊர்த் தியான விளம்பரங்களில் அடியோடு காணாமல் போகிறது.

2016ல் வில்லெம் குய்கென் தலைமையில் ஒன்பது பரிசோதனைகளின் 1,258 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, 60 வாரங்களுக்குள் திரும்பியது வகுப்புக்கு வந்தவர்களில் 38 விழுக்காடு, வராதவர்களில் 49. முதல் ஆய்வின் பிரமாண்டம் குறைந்திருக்கிறது. ஆனால் நூற்றுக்குப் பதினொரு பேர் தப்புவது சின்ன விஷயமா? அதற்கு முந்தைய ஆண்டு அவரே லான்செட் இதழில் வெளியிட்ட, 424 பேர் கலந்துகொண்ட பரிசோதனை, வகுப்புக்கு வந்து மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தவர்களையும் மாத்திரையைத் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது முறையே 44, 47 விழுக்காட்டினருக்கு. வகுப்பு மேல் என்று நிறுவ முடியவில்லை. அதைக் கொண்டு மாத்திரையை விட்டுவிடலாம் என்று முடிவுகட்டுபவர்கள் நெதர்லாந்து ஆய்வையும் படிக்க வேண்டும்: வகுப்போடு மாத்திரையையும் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குத் திரும்பியது, வகுப்புக்குப் பின் மாத்திரையை நிறுத்தியவர்களில் 54. என் கருத்தில் நம் மருத்துவமனைகளுக்குப் பொருத்தமான பாடம் இதுதான். மாத்திரையும் வேண்டும், வகுப்பும் வேண்டும்.

இருமுனை நோயில் நிலைமை இன்னும் அடக்கமானது. சிட்னியில் தானியா பெரிச்சும் சக ஆய்வாளர்களும் 95 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், நோய் திரும்புவதை வகுப்பு தள்ளிப்போடவில்லை. பதற்றம் குறைந்ததற்கு மட்டும் சில சான்றுகள் கிடைத்தன. லித்தியம் என்ற மருந்தின் இடத்தில் வைக்கக்கூடிய பயிற்சி எதுவும் இன்றுவரை இல்லை.

இந்தப் பயிற்சிகளைப் பற்றிக் கேட்டதும் திருவண்ணாமலைக்காரர் ஒருவர் சொல்லக்கூடியது: “இதெல்லாம் நம்ம மலையடிவாரத்துச் சரக்குதானே?” 1901-02ல் விருபாட்ச குகையில் மௌனமாக இருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளும், அவர் எழுதிக் காட்டிய விடைகளும்தான் பின்னர் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாயின. எழும் எண்ணத்தின் பின்னால் ஓடாமல், அது யாருக்கு எழுந்தது என்று திரும்பிப் பார்க்கச் சொல்வது அந்த வழி. எண்ணத்துக்கும் தனக்கும் நடுவே இடம் உண்டாக்குவதில் இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் போகும் இடம் வேறு. விசாரம் ‘நான்’ என்பதன் வேரைத் தேடுகிறது. எம்.பி.சி.டி. கேட்பதெல்லாம் அடுத்த முறை நோய் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான். நோய் முற்றிய ஒருவர் தனியே உட்கார்ந்து ‘நான் யார்’ என்று கேட்டால் பதில் சொல்வது நோயாகத்தான் இருக்கும்: ஒன்றுக்கும் உதவாதவள் என்று. கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா முகாம்கள் கடுமையான மனநோய் உள்ளவர்களைச் சேர வேண்டாம் என்று தங்கள் விதிமுறையிலேயே சொல்கின்றன. அந்த நேர்மை எல்லாத் தியானக் கூடங்களிலும் வேண்டும்.

கிரிவலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 14 கிலோமீட்டர் நடை மனதுக்கு நல்லது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருமுனை நோயில் மிகை எழுச்சியைக் கிளப்பும் காரணங்களில் தூக்கம் கெடுவது முக்கியமானது. பௌர்ணமி இரவு முழுவதும் நடப்பதைவிட, மாலையில் தொடங்கி வழக்கமான நேரத்துக்குள் வீடு வந்து படுப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. லித்தியம் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. 1949ல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த இந்த மருந்து, ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்ற குறுகிய அளவுக்குள் இரத்தத்தில் நிற்க வேண்டும். வெயிலில் வியர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் நடந்தால் அளவு ஏறும். நடந்த கால்வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் அதை ஏற்றும். கை நடுக்கம் கூடுவது, நடை தள்ளாடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருவண்ணாமலையில் லித்தியம் எழுதித் தரும் எவரும் சீட்டோடு இதையும் சொல்லி அனுப்புவது நல்லது.

தமிழில் இத்தகைய பயிற்சிகளைப் பரவலாகச் செய்து பார்த்த இடம் யாழ்ப்பாணம். போர்க்காலத்தில் அங்கே மனநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், 1993ல் ‘மனவடு’ என்ற தமிழ்க் கைந்நூலை எழுதினார். பதற்றமும் சோர்வுமாக வந்தவர்களுக்கு அவரவர் மரபிலிருந்தே சாந்திப் பயிற்சியைத் தேர்ந்துகொடுத்தார்கள்: சைவர்களுக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தர்களுக்கு ஆனாபானசதி. ஆசிரியர்களும் ஊர்த் தொண்டர்களும் இதைச் சொல்லித்தரப் பழகினார்கள். மேலே சொன்ன பரிசோதனைகளின் கட்டுப்பாடு இதற்கு இல்லை. திரும்பி வரும் நோய்க்கென வகுத்ததும் இல்லை. ஆனாலும் மருத்துவமும் மரபும் ஒன்றையொன்று விரட்டாமல் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி நமக்கு இல்லை.

வேங்கிக்கால் பக்கத்தில் இப்படி ஒரு வகுப்பு தொடங்கினால் என்ன தேவைப்படும்? மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் ஒருவர், செவிலியர் ஒருவர், ஒரு கூடம், பாய்கள். ஆசிரியர் தட்டுப்பாடுதான் பெரிய தடை. இதைக் கற்பிப்பவர் தாமும் தினமும் பயிற்சி செய்பவராக, நோயையும் அறிந்தவராக இருக்க வேண்டும். ஆனால் ஆலோசகர் என்றால் பட்டதாரி நிபுணர்தான் என்ற எண்ணத்தை கோவாவில் விக்ரம் படேல் குழுவின் ஆய்வு அசைத்துவிட்டது. அங்கே பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் சில அமர்வுகளில் தந்த எளிய ஆலோசனையால், கடும் மனச்சோர்வு கொண்டவர்களில் 64 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் தேறினார்கள். அந்த ஆலோசனை பெறாத பிரிவில் 39. அது எம்.பி.சி.டி. இல்லைதான். கிராமத்துச் செவிலியரை நம்பலாம் என்பதற்கு அது ஆதாரம்.

தினம் முக்கால் மணி நேரம் என்பது நம் வீடுகளில் நடக்காது. ஓரறை வீட்டில், டிவியும் பிள்ளைகளும் நடுவில், நூறு நாள் வேலைக்கும் மாட்டுக்கும் இடையில், யாருக்கு அந்த நேரம் இருக்கிறது? கோலம் போடுமுன் பத்து நிமிடம், படுக்கும்போது உடம்பைக் கவனிப்பது, வரப்பில் நடக்கும்போது பாதத்தைக் கவனிப்பது என்று பிரித்துத் தரலாம். அப்படிக் குறைத்தால் பலனும் குறையுமா என்பதை இங்கேயே, தமிழில், முறையாக ஆராய வேண்டும். மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டத்தில் இது ஆகாத காரியமில்லை.

எட்டாவது வாரம் நெருங்கும்போது ஒவ்வொருவரும் ஒரு தாளில் தமக்கே உரிய முன்னறிகுறிகளை எழுதுவார்கள். ஒருவருக்கு விடிகாலை விழிப்பு. இன்னொருவருக்குக் குளிக்கத் தோன்றாதது. மற்றொருவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றப் போகாமல் ஆளை அனுப்புவது. இருமுனை நோய் உள்ளவர் தூக்கமே தேவைப்படாத உற்சாகத்தையும், கைக்கு மீறிய செலவையும் சேர்த்து எழுத வேண்டும். எதிரே, அப்படி வந்தால் என்ன செய்வது என்று எழுத வேண்டும்: முதலில் மூச்சு இடைவேளை, பிறகு முன்பு மனதைத் தூக்கிவிட்ட ஒரு சிறு வேலை, மூன்று நாளில் சரியாகவில்லை என்றால் ஓபி. குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிவந்து, அறிகுறியைப் பார்த்தால் எந்தச் சொல்லால் சொல்வது என்பதையும் அங்கேயே பேசி முடிவு செய்ய வேண்டும். “ஆரம்பிச்சுட்டா” என்ற சொல்லுக்குப் பதில் “அக்கா, அந்தத் தாளை எடுத்துப் பாப்போமா?” என்று தங்கை கேட்டால் போதும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. அதற்காகத் தாளின் அடியில் 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் இலவச எண் 14416ஐயும், உடனே கூப்பிடக்கூடிய ஒருவரின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.